பெறுவதற்குப் பணமுண்டு, பேணுவதற்கு இல்லை

ஒரு தேசத்தின் வரவு செலவுக் கணக்கில் சங்கீதத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்னும் கேள்வி, பார்வைக்குக் குமாஸ்தாக்களின் கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே, அந்தத் தேசத்துக் குழந்தைகளில் யார் வயலினைத் தொடுவார்கள், யார் தொடாமலே பெரியவர்களாகிவிடுவார்கள் என்பது பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. கல்வி என்று எழுதினால் அது வருஷந்தோறும் தவறாமல் நடந்தாக வேண்டிய கடமையாகிறது. கலை என்று எழுதினாலோ, விண்ணப்பம் எழுதி, காரணம் காட்டி, கெடு வைத்துப் பெற வேண்டிய மானியமாகிறது. இங்கிலாந்து தேசத்தார் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்துகொண்டு 2012-ஆம் ஆண்டு முதல் அதன் பலாபலன்களை அநுபவித்து வருகிறார்கள். பள்ளிக்கூடச் சங்கீதத்துக்கான பணம் அங்கே கல்வி இலாகாவினுடையது. அதை வாங்கி ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுப்பதோ ஆர்ட்ஸ் கவுன்ஸில் என்னும் கலை மன்றம். அந்தப் பணத்திலும், அதன் அக்கம்பக்கத்துக் கலை நிதிகளிலும் ஒரு பகுதி இப்போது கணிப்பொறியையும் டாப்லெட்டையும் இணையத்தையும் நாடிப் போகத் தொடங்கியிருக்கிறது. அது எங்கே போயிற்று, என்ன விளைத்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பணம் கொடுக்கிற கையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1940-இல், யுத்தத்துக்கு நடுவே ஜனங்களின் மனத்தளர்வைப் போக்குவதற்காக, சங்கீதத்தையும் நாடகத்தையும் தொழிற்சாலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் கொண்டு செல்ல ஒரு யுத்தகாலக் கமிட்டி ஏற்பட்டது. பொருளாதார மேதை கெயின்ஸ் பிரபு அதன் தலைமையை ஏற்று, அதையே சமாதான காலத்துக்கும் நிலைக்கும் ஒரு ஸ்தாபனமாக மாற்றத் திட்டமிட்டார். 1946 ஏப்ரலில் அவர் காலமாகிவிட, அவ்வாண்டு ஆகஸ்டில்தான் ராஜ சாஸனம் கிடைத்து, கிரேட் பிரிட்டன் ஆர்ட்ஸ் கவுன்ஸில் பிறந்தது. சர்க்கார் பணம் கொடுக்கும், ஆனால் எந்த நாடகத்துக்குக் கொடுப்பது, எந்த வாத்தியக் கோஷ்டிக்குக் கொடுப்பது என்பதில் மந்திரிகள் தலையிடமாட்டார்கள் என்பதே அதன் ஆதார சித்தாந்தம். 1994-இல் தேசிய லாட்டரி வந்த பிறகு இந்தக் கைக்கு இன்னொரு பை கிடைத்தது. ஆனால் லாட்டரிப் பணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சர்க்கார் தன் கடமையாகச் செய்ய வேண்டிய செலவுக்குப் பதிலாக அதை உபயோகிக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட, அதிகப்படியான காரியங்களுக்குத்தான் செலவிடலாம். நியாயமான நிபந்தனைதான், என்றாலும், அதன் விளைவு யோசிக்கத் தக்கது. 1999-இல் லாட்டரிப் பணத்தைக் கொண்டு ஏற்பட்ட யூத் மியூஸிக் என்னும் அறநிலையம், பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு வெளியே, பள்ளிக்கூடம் கைவிட்ட குழந்தைகளிடையே வேலை செய்ய நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கலைப் பணம் புதியதையும் கூடுதலானதையும் தேடிப் போவதற்குக் கொடுப்பவர்களின் மனப்போக்கு மாத்திரம் காரணமல்ல. சட்டமே அதை அவ்வழியில் திருப்பிவிட்டிருக்கிறது.

பள்ளிக்கூடங்களின் கதை வேறு. யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் ஜில்லா நிர்வாகங்கள் ஊர் ஊராகச் சென்று வாத்தியம் கற்பிக்கும் உபாத்தியாயர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தின. 1948-இல் லெஸ்டர்ஷயரில் எரிக் பிங்கெட் என்பவர் நிறுவிய ஜில்லா சங்கீதப் பள்ளியும், மைக்கேல் டிப்பெட் போன்ற பெரிய சாகித்திய கர்த்தாவே வந்து நடத்தும் அளவுக்கு அதன் மாணவர் வாத்தியக் குழு உயர்ந்ததும் அந்தக் காலத்தின் பெருமைகள். பிறகு 1988-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் வந்தது. சங்கீதத்தைக் கட்டாய பாடமாக்கியது அந்தச் சட்டம். ஜில்லாவின் கையிலிருந்த பணத்தைத் தனித்தனிப் பள்ளித் தலைமை உபாத்தியாயர்களின் கைக்கு மாற்றியதும் அதே சட்டம். ஒரு கையால் பாடத்தைக் கொடுத்து மறு கையால் பாடம் சொல்பவரின் சம்பளத்தை நிச்சயமற்றதாக்கிய இந்த விநோதத்தால், பல ஜில்லாக்களில் வாத்தியப் பயிற்சி கட்டணம் கொடுக்கக் கூடிய வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாயிற்று. 2000-இல் கல்வி மந்திரி டேவிட் பிளங்கெட், விரும்புகிற ஒவ்வோர் ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கும் காலக்கிரமத்தில் ஒரு வாத்தியம் கற்கும் வாய்ப்புக் கிடைக்கும் என்று வாக்களித்ததும், வகுப்பு முழுவதற்கும் ஒரே சமயத்தில் வாத்தியம் கற்பிக்கும் முறை பரவியதும் இந்தக் குறையைப் போக்கும் முயற்சிகள்தாம்.

2011 பிப்ரவரியில், அப்போது ஒரு வானொலி நிலையத்தின் தலைவராக இருந்த டேரன் ஹென்லி, சர்க்கார் கேட்டுக்கொண்டபடி பள்ளிச் சங்கீதத்தைப் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் தேசியத் திட்டம் வெளியாயிற்று. 2012 செப்டம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட 'மியூஸிக் ஹப்'கள், அதாவது பள்ளிகளையும் ஜில்லா சங்கீத சேவைகளையும் கலை ஸ்தாபனங்களையும் ஒன்று சேர்க்கும் பிராந்திய மையங்கள், ஆர்ட்ஸ் கவுன்ஸிலின் மேற்பார்வையில் வேலை தொடங்கின. (ஹென்லியே 2015-இல் ஆர்ட்ஸ் கவுன்ஸிலின் நிர்வாகத் தலைவராகிவிட்டார், யோசனை சொன்னவரே அதன் கஷ்டநஷ்டங்களைச் சுமக்கும்படி நேர்வது உலகத்தில் அபூர்வம், ஆகையால் இதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.)

இந்த மையங்கள் ஏற்பட்ட அதே வருஷத்தில் வேறொரு சிறிய சம்பவமும் நடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, 35 டாலர் விலையுள்ள ராஸ்ப்பெரி பை என்னும் கணிப்பொறி 2012 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்தது. அதே ஊர் சர்வகலாசாலையின் கணிப்பொறி ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஸாம் ஆரன் என்பவர் அந்தச் சின்ன யந்திரத்தில் குழந்தைகள் சங்கீதம் செய்வதற்காக 'ஸோனிக் பை' என்று ஒரு மென்பொருளை எழுதினார். ஆர்ட்ஸ் கவுன்ஸிலும், மானுடக் கலை ஆராய்ச்சி மன்றமும், நெஸ்டா என்ற நிறுவனமும் கூடி ஏற்படுத்திய 70 இலட்சம் பவுன் டிஜிடல் ஆராய்ச்சி நிதியிலிருந்து, கேம்பிரிட்ஜ் ஜங்க்ஷன் என்னும் கலையரங்கத்தின் தலைமையில் நடந்த ஒரு திட்டத்துக்கு மானியம் கிடைத்தது. அதன் மூலம் ஸோனிக் பை ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் பள்ளிக்கூட வகுப்புகளுக்கும், குழந்தைகள் மேடையேறி வாசிக்கும் அரங்கங்களுக்கும் வந்தது.

அதன் உபயோகம் மிகவும் எளிது. மாணவன் திரையில் 'ப்ளே 60' என்று எழுதிப் பொத்தானை அழுத்தினால் பியானோவின் நடுவிலுள்ள 'ஸி' என்ற ஸ்வரம் ஒலிக்கும். 'ஸ்லீப் 1' என்று எழுதினால் அடுத்த கட்டளைக்கு முன் ஒரு விநாடி காத்திருப்பு. 'ப்ளே 72' என்றால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில். வாத்திய யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-இல் ஏற்பட்ட மிடி என்னும் சம்பிரதாயத்தின் எண்களே இவை. நாலு வரி எழுதி, அதைச் சுழன்று சுழன்று ஒலிக்கும்படி அமைத்துவிட்டால், சங்கீதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்களைத் திருத்தலாம். திருத்தி மறுபடி பொத்தானை அழுத்தினால், அடுத்த சுற்றிலிருந்து, தாளம் தவறாமல், ராகபாவம் மாறிக்கொண்டு போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்வரக் குறியீட்டைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, விரல் பழக வேண்டியதில்லை, வீட்டில் பியானோ இருக்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கு விலையும் இல்லை. அதன் மூலவரிகள் யாவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

தமிழ் வாசகர்களுக்கு ருசிக்கக்கூடிய விஷயம் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஸோனிக் பையில் தயாராக வைத்திருக்கும் ஸ்வர வரிசைகளிடையே ஹிந்துஸ்தானி முறையின் பைரவ், ஆஹிர் பைரவ், தோடி, பூர்வி, மார்வா ஆகியவையும் உண்டு. பைரவ் என்று அங்கே எழுதினால் வெளிவருவது, நம்முடைய குழந்தைகள் ஸரளி வரிசையை ஆரம்பிக்கும் மாயாமாளவகௌளையின் அதே ஏழு ஸ்வரங்கள். (தோடி என்று எழுதி நம் தோடியை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார், வருவது சுபபந்துவராளியின் ஸ்வரங்கள்.) யார்க்ஷயரில் எங்கோ ஓர் ஆங்கிலப் பிள்ளை அந்தப் பெயரைத் திரையில் தட்டிக் கேட்கக் கூடும் என்பது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் வருவன ஸ்வரங்கள் மாத்திரமே. ரிஷபத்தை அசைக்கும் விதமும் நிஷாதத்தைத் தொட்டுத் திரும்பும் விதமும் அந்த எண்களில் இல்லை. அவை ஒருவர் பாடி ஒருவர் கேட்டு வரவேண்டியவை. இந்தக் குறை இந்திய சங்கீதத்துக்கு மாத்திரம் உரியதென்று நினைக்க வேண்டாம். ஒரு நல்ல வயலின் உபாத்தியாயரைக் கேட்டால் தம்முடைய சங்கீதத்தைப் பற்றியும் அவர் இதையே சொல்வார்.

ஸோனிக் பை பள்ளிக்குள் நுழைந்த வழியும் கவனிக்கத் தக்கது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்து, ஐந்து வயது முதல் கணிப்பொறிப் பாடத்தைக் கட்டாயமாக்கிற்று. நிரல் எழுதுவதைக் குழந்தைகளுக்கு எவ்வாறு ருசிகரமாகக் கற்பிப்பது என்று திகைத்து நின்ற கணிப்பொறி உபாத்தியாயர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கலை நிதியால் வளர்ந்த ஒரு சங்கீத சாதனம், சங்கீத வகுப்பின் வாசலைவிடக் கணிப்பொறி வகுப்பின் வாசல் வழியாகவே அதிகமாக உள்ளே போயிற்று. மந்திரிகள் கணிப்பொறிப் பாடத்துக்கு அளித்த அந்தஸ்தைச் சங்கீதத்துக்கு அளிக்கவில்லை. 2010-இல் உயர்நிலைப் பள்ளிகளை மதிப்பிட ஏற்படுத்திய 'இங்கிலீஷ் பாக்கலோரியேட்' என்னும் அளவுகோலில் கலைப் பாடங்கள் எவற்றுக்கும் இடமிருக்கவில்லை. அந்த அளவுகோலால் அளக்கப்பட்ட பள்ளி, தன் பணத்தையும் கால அட்டவணையையும் எங்கே வைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வந்த வருஷங்களில் மேல்நிலைப் பரீட்சைக்குச் சங்கீதம் எடுக்கும் மாணவர் தொகை குறைந்துகொண்டே வந்தது.

அதே டிஜிடல் ஆராய்ச்சி நிதியில் வளர்ந்த இன்னொரு முயற்சி வடக்கு யார்க்ஷயரில் நடந்தது. இங்கிலாந்தின் ஜில்லாக்களில் பரப்பில் மிகப் பெரியது அது. மேய்ச்சல் நிலங்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு பள்ளிகள் ஒன்றுக்கு ஒரு வயலின் உபாத்தியாயர் காரோட்டிக்கொண்டு போய் வருவதென்றால், பாடத்துக்கு ஆகும் நேரத்தைவிடப் பிரயாணத்துக்கு ஆகும் நேரம் அதிகம். நைமாஸ் என்ற சங்கீத அறநிலையம் ஹல் சர்வகலாசாலை முதலியோருடன் சேர்ந்து 'கனெக்ட் ரெஸௌண்ட்' என்னும் திட்டத்தை நடத்தி, இணையத்தின் மூலம் நேரடியாக வாத்திய வகுப்பு எடுக்க முடியுமா என்று பரீட்சித்தது. முடிந்தது. ஆனால் இணையத்தில் ஒலி போய்ச் சேருவதற்குள் ஏற்படும் சிறு தாமதத்தினால் குருவும் சிஷ்யனும் ஒரே தாளத்தில் சேர்ந்து வாசிப்பது சாத்தியமில்லை. ஒருவர் வாசித்து நிறுத்த மற்றவர் திரும்ப வாசிக்க வேண்டும். தவிர, பிள்ளையின் வயலினை அந்தப் பக்கத்தில் யாராவது பிடித்துச் சுருதி கூட்டித்தான் ஆக வேண்டும். வில் பிடிக்கும் கட்டை விரலை யாராவது தொட்டு மடக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே தூரத்தில் ஓர் உபாத்தியாயர் என்பதோடு, அருகிலும் ஒரு மனிதர் தேவையாகிறார். ஆளைக் குறைத்துச் சிக்கனம் பண்ணலாம் என்று எண்ணி இந்த யந்திரத்தை நாடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இதுதான். உபாத்தியாயர் எட்டாத இடத்துக்கு அவரை எட்டச் செய்வது இதனால் ஆகும். உபாத்தியாயரே இல்லாமல் நடத்துவது ஆகாது.

டிஜிடல் சாதனம் என்றாலே வாத்தியத்துக்கு ஈடாகாத மாற்று என்று பேசுபவர்களுக்கு ஒரு பதில் பிரிஸ்டல் நகரிலிருந்து கிடைக்கிறது. ஓபன் அப் மியூஸிக் என்னும் ஸ்தாபனம் 'கிளாரியன்' என்று ஒரு மின்னணு வாத்தியத்தை உருவாக்கியது. விரல்களை அசைக்க முடிந்தவர் விரலாலும், தலையை மாத்திரம் அசைக்க முடிந்தவர் தலையாலும், அதுவும் முடியாதவர் கண் பார்வையைத் திருப்புவதாலும் அதை வாசிக்கலாம். திரையில் வெவ்வேறு இடங்களில் ஸ்வரங்களை வரைந்து வைத்துக்கொண்டு, வாசிப்பவரின் சரீரத்துக்குத் தக்கபடி வாத்தியத்தை அமைத்துக் கொள்ளலாமே அன்றி, வாத்தியத்துக்குத் தக்கபடி சரீரத்தை வளைக்க வேண்டியதில்லை. விசேஷத் தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளிகளில் வாத்தியக் கோஷ்டிகள் இதனால் ஏற்பட்டன. அங்கக் குறைபாடுள்ள இளைஞர்களும் மற்றவர்களும் சரிசமமாக அமர்ந்து வாசிக்கும் ஒரு தேசிய இளைஞர் வாத்தியக் குழு 2018-இல் தொடங்கிற்று. இந்தப் பிள்ளைகளுக்குச் சங்கீதப் பள்ளிகளின் கதவு இதற்கு முன் பெரும்பாலும் மூடியே இருந்தது. பொதுமக்கள் பணத்தைக் கலைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர் எவராயினும், அவர் முன்னே வைக்கத் தக்க மிகச் சிறந்த உதாரணம் இது என்பது என் அபிப்பிராயம். லாபத்துக்கு விற்பவர் எவரும் இவ்வளவு சிறிய கூட்டத்துக்காக ஒரு வாத்தியம் செய்திருக்கமாட்டார்.

இவ்வளவும் பெற்றெடுத்த கதை. இனி வளர்த்த கதை.

2022 ஜூனில் இங்கிலாந்து சர்க்கார் இரண்டாவது தேசிய சங்கீதத் திட்டத்தை வெளியிட்டது. அதில் சங்கீதத் தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் கொடுக்கப்பட்டிருந்தது. வாத்தியங்களும் கருவிகளும் தொழில்நுட்ப சாதனங்களும் வாங்குவதற்காக 2 கோடியே 50 இலட்சம் பவுன் மூலதன மானியமும் அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மேல் இருந்த மையங்களைத் திரட்டி 43 ஆக்கினார்கள். அவை 2024 செப்டம்பரில் வேலை தொடங்கின. டாப்லெட்டுகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சாதனங்களும் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது மறுக்க முடியாத நன்மை.

ஆனால் மூலதன மானியத்தைக் கொண்டு பொருள் வாங்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளத்துக்கு உரிய வருஷாந்தரப் பணத்தின் கதி என்ன? 2015-16-இல் அது 7 கோடியே 50 இலட்சம் பவுன். புதிய திட்டத்தில் 7 கோடியே 90 இலட்சம். இடையே அரிசி முதல் வாடகை வரையில் எல்லாம் ஏறியதை நினைத்தால், இது கூடியதாகக் காட்டிக் குறைந்த தொகை. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறக்குறைய 90 இலட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆளுக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு ஒன்பது பவுனுக்கும் குறைவு. உபாத்தியாயர்களோ கிடைப்பதில்லை. 2023-24-இல் உயர்நிலைப் பள்ளிச் சங்கீத ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை பேர் தேவையென்று சர்க்கார் கணக்கிட்டதோ அதில் 27 சதவிகிதம் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். சங்கீத ஆசிரியராகப் பயிலுவோருக்குக் கொடுத்து வந்த உபகாரச் சம்பளத்தைச் சில வருஷங்கள் நிறுத்தி வைத்திருந்து, பிறகு பயமேற்பட்டு, 2024-இல் 10,000 பவுனாகத் திருப்பிக் கொண்டு வந்தார்கள்.

நம்மூர்க் கோயில்களை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. கும்பாபிஷேகத்துக்கு உபயதாரர் வரிசையாக நிற்பார்கள், விளக்குக்கு எண்ணெய் வார்க்க ஆள் இராது. மூலதனச் செலவைத் திறப்பு விழா நடத்திக் காட்டலாம். வருஷாந்தரச் செலவைக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஓர் உபாத்தியாயர் வியாழக்கிழமைதோறும் வந்து, முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் அதே டாப்லெட்டுகளைத் திறந்து, அவற்றில் வேலை செய்யாத நாலைந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சமுள்ளவற்றில் பாடத்தை நடத்துகிறார் என்பதில் பத்திரிகைச் செய்தி எங்கே இருக்கிறது? ஆனால் டிஜிடல் சங்கீதக் கல்வி என்று நாம் பெரிய பெயரிட்டு அழைப்பதெல்லாம் இந்த வியாழக்கிழமை விவகாரம்தான்.

உபாத்தியாயர் பஞ்சத்தை நிரப்புவதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சராங்கா போன்ற இணையப் பாடத் தளங்களுக்குப் பல மையங்கள் தங்கள் பள்ளிகளின் சார்பில் சந்தா கட்டுகின்றன. சங்கீதம் பயிலாத சாதாரண வகுப்பாசிரியரும் திரையைப் போட்டு, அது சொல்கிறபடி பாடச் செய்து, தாளம் தட்டச் செய்து பாடத்தை நடத்திவிடலாம். இவற்றை நான் இகழவில்லை. பயந்துகொண்டிருந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் அநேகருக்கு இவை தைரியம் கொடுத்திருக்கின்றன. ஆனாலும் சந்தா என்பது வாடகை. கட்டுவதை நிறுத்திய வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதே பணத்தில் ஒரு வகுப்பாசிரியரை ஒரு வருஷம் பயிற்றுவித்தால், அவர் ஓய்வு பெறும் வரை அது பள்ளியின் சொத்து. பொதுப் பணத்தைச் செலவிடுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதுவதை நிறுத்த வேண்டும். அதைப் போலவே, பொதுப் பணத்தில் பிறந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் சாதனங்களுக்குப் பராமரிப்புச் செலவு கொடுப்பதைச் சலுகையாக எண்ணாமல், சாலைக்குச் செப்பனிடும் செலவு கொடுப்பதைப் போன்ற கடமையாக எண்ண வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் இங்கிலாந்தின் நடத்தை மெச்சும்படியாக இல்லை. அந்த டிஜிடல் ஆராய்ச்சி நிதி 2015-இல் முடிவடைந்தது. ஸோனிக் பை மாத்திரம் முடிவடையவில்லை. உலகத்தின் எத்தனையோ பாஷைகளில் மொழிபெயர்க்கப்பட்டு, எத்தனையோ தேசத்துப் பள்ளிகளில் இன்றும் நடமாடுகிறது. கணிப்பொறி புதிது புதிதாக மாறும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய ஓயாத வேலை அது. அந்த வேலைக்கு எந்த ஸ்தாபனமும் பணம் கொடுக்கவில்லை என்றும், உபயோகிப்பவர்கள் மாதந்தோறும் அனுப்பும் நன்கொடையைக் கொண்டே நடப்பதாகவும் அதை எழுதியவரே அறிவித்திருக்கிறார்.

2025-இல் சர்க்கார் கலைக்கும் சங்கீதக் கல்விக்குமாக ஒரு தேசியக் கேந்திரம் நிறுவப் போவதாக அறிவித்தது. அந்தக் கேந்திரம் தன் முதல் வருஷக் கணக்கில் புதிய நிதி, புதிய போட்டி, புதிய பரீட்சார்த்தம் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். உபாத்தியாயர் சம்பளம், வகுப்பாசிரியர் பயிற்சி, ஏற்கனவே வாங்கிய கருவிகளின் பழுது பார்ப்பு, ஏற்கனவே பிறந்த இலவச மென்பொருள்களின் பராமரிப்பு என்ற நாலு தலைப்புகளை எழுதி, அவற்றுக்கு எதிரே பத்து வருஷத்துக்கான தொகையைப் போடட்டும். மிச்சம் இருந்தால் டாப்லெட் வாங்கலாம்.